கையில் 14 வேலைகள், வாசல் தாண்டியவை எத்தனை?

கேள்வி: பதினாறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். இப்போது எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவுக்குத் தலைவி. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் மாலைவரை நிமிர நேரமிருக்காது. வீட்டுக்கு வந்த பிறகும் செய்திகளுக்குப் பதில் எழுதிக்கொண்டிருப்பேன். இந்த ஆண்டு மதிப்பீட்டில் மேலாளர், "உங்கள் உழைப்பில் குறையே இல்லை. ஆனால் இந்த ஆண்டு நீங்கள் முடித்துக் கொடுத்தவை என்னென்ன?" என்று கேட்டார். எனக்குப் பேச்சு வரவில்லை. வாடிக்கையாளர் புகார்களைக் கையாளும் நடைமுறையை மாற்றி எழுதும் பொறுப்பு ஐந்து மாதமாக என்னிடம் இருக்கிறது. அதைத் தொடவே நேரம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் நான் செய்த எல்லாவற்றையும் மணி, நிமிடத்தோடு குறித்து இணைத்திருக்கிறேன். கையில் இருக்கும் வேலைகளின் பட்டியலும் இருக்கிறது. நல்ல செயலி அல்லது பயிற்சி வகுப்பு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து வேலை செய்யலாமா என்றும் யோசிக்கிறேன். நான் சோம்பேறி இல்லையே, பிறகு ஏன் இப்படி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்துக்கு முன்பே நீங்கள் இணைத்திருந்த குறிப்பைப் படித்துவிட்டேன். அது என் பழக்கம். கடிதத்தில் ஒருவர் தம்மைப் பற்றி நினைப்பது இருக்கும். நேரக் குறிப்பில் அவர் செய்தது இருக்கும். இரண்டும் ஒத்துப்போவது அபூர்வம்.

புகார் நடைமுறைக் கோப்பைத் தொடவே நேரம் கிடைக்கவில்லை என்கிறீர்கள். குறிப்பின்படி அந்த ஒரே வாரத்தில் அதை 11 முறை திறந்திருக்கிறீர்கள். செவ்வாய்க்கிழமைக் காலையை மட்டும் உங்கள் சொற்களிலேயே தருகிறேன். 10.20: கோப்பைத் திறந்தேன். 10.26: விடுப்பு கேட்டுச் செய்தி, பதில் எழுதினேன். 10.31: கோப்பு. 10.40: பக்கத்துப் பிரிவிலிருந்து அழைப்பு. 10.52: கோப்பு, எங்கே விட்டேன் என்று பார்த்தேன். 10.58: கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். அதன் பிறகு அன்று அந்தக் கோப்பு திறக்கப்படவே இல்லை.

பதினோரு முறையையும் கூட்டிப் பார்த்தேன். 83 நிமிடம் வந்தது. எழுந்திருக்காமல், திரும்பிப் பார்க்காமல் உட்கார்ந்த அதிகபட்ச நேரம் 14 நிமிடம். 'எங்கே விட்டேன் என்று பார்த்தேன்' என்ற வரி அந்த வாரத்தில் நான்கு இடங்களில் வருகிறது. உங்கள் ஐந்து மாதத்தை எங்கே தேடுவது என்று கேட்டால் அந்த வரியைத்தான் காட்டுவேன். அந்த வாரம் நீங்கள் அந்த வேலையைச் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. அதைத் தொடங்கினீர்கள், பதினோரு தடவை.

இதற்கு ஆய்வுலகில் ஒரு பெயர் உண்டு. சோஃபி லெராய் என்ற மேலாண்மை ஆய்வாளர் 2009-இல் வெளியிட்ட கட்டுரையில் அதைக் கவனத்தின் எச்சம் என்ற பொருளில் குறிப்பிடுகிறார். ஒரு வேலையை முடிக்காமல் அடுத்த வேலைக்குத் தாவும்போது, மனத்தில் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே தங்கிவிடுகிறது. அதனால் அடுத்த வேலையின் தரம் குறைகிறது. தீயிலும் பகையிலும் மிச்சம் வைக்காதே என்று நம்மிடம் ஒரு பழைய சொல் உண்டு. பாதியில் விட்ட வேலையையும் அந்த வரிசையில் வைக்கலாம். விடுப்புக் கடிதத்துக்குப் பதில் எழுத ஐந்தே நிமிடம்தான் ஆனது என்று உங்கள் குறிப்பு சொல்கிறது. ஆனால் 10.31-க்குத் திரும்பி வந்தவர் 10.26-இல் எழுந்து போன அதே ஆள் இல்லை.

நான் ஆலோசனை சொல்ல வந்தது பிற்காலத்தில்தான். அதற்கு முன் நெடுநாள் ஒரு தொழிற்சாலையில் உற்பத்தித் திட்டமிடும் பிரிவில் இருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இரைச்சலைக் கேட்டே தொழிற்சாலையின் நலத்தை எடைபோட்டேன். எல்லா இயந்திரங்களும் ஓடினால் நல்ல நாள். ஒன்று நின்றால் பதறிவிடுவேன். மூத்த மேற்பார்வையாளர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய்ச் சரக்கு வெளியேறும் வாசலில் நிறுத்தினார். "இங்கே நின்று எண்ணு. உள்ளே என்ன சத்தம் வந்தாலும் திரும்பிப் பார்க்காதே" என்றார். அன்று உள்ளே ஒரு இயந்திரமும் ஓயவில்லை. வாசல் வழியாக வெளியே போனது சொற்பம். மீதியெல்லாம் இயந்திரத்துக்கு இயந்திரம் இடையே, பாதி கடைந்ததும் பாதி துளைத்ததுமாக, தட்டுத் தட்டாக அடுக்கிக் கிடந்தது. அந்த அடுக்குகளுக்கு நடுவே ஆட்கள் வழி தேடி நடந்துகொண்டிருந்தார்கள். சிலர் தேவையான தட்டைத் தேடியே அரை மணி நேரத்தைக் கழித்தார்கள். அவர்களும் ஓயாமல் வேலை செய்தவர்கள்தான். சாயங்காலம் மூட்டுவலியோடு வீட்டுக்குப் போனவர்கள்.

உருப்படி என்று ஒரு சொல் வைத்திருக்கிறோமே, அது எனக்கு மிகவும் பிடித்தமானது. எண்ணிக் கொடுக்கக்கூடிய பொருளும் உருப்படி. பயனுள்ள காரியமும் உருப்படி. 'இன்று உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை' என்று நாம் அலுத்துக்கொள்ளும்போது சோம்பிக் கிடந்ததாகப் பொருள் இல்லை. நாள் முழுக்க ஓடியும் எண்ணிக் காட்ட ஒன்றும் இல்லை என்பதே அந்த அலுப்பு. உங்கள் மேலாளர் கேட்டதும் அந்த எண்ணிக்கையைத்தான். நீங்கள் இரைச்சலைக் கணக்கு வைத்திருந்தீர்கள், அவர் வாசலில் நின்று கேட்டார்.

இனி உங்கள் இரண்டாவது தாளுக்கு வருகிறேன். கையில் இருப்பவை 14 வேலைகள். எல்லாமே அரைநாளோ அதற்கு மேலோ பிடிப்பவை. கடந்த நான்கு வாரத்தில் முடிந்தவை என்று 8 வேலைகளுக்குக் குறுக்குக்கோடு போட்டிருக்கிறீர்கள். அதாவது வாரத்துக்கு இரண்டு. ஜான் லிட்டில் என்பவர் 1961-இல் கணித முறையில் நிறுவிய ஒரு விதி தொழிற்சாலைக்காரர்களுக்குப் பாலபாடம்: சராசரியாகக் கையில் இருக்கும் வேலைகளின் எண்ணிக்கையை, வேலை முடியும் வேகத்தால் வகுத்தால், ஒரு வேலை உங்களிடம் சராசரியாக எவ்வளவு காலம் தங்கும் என்பது வரும். 14-ஐ 2-ஆல் வகுத்தால் 7 வாரம். இன்று ஒருவர் உங்களிடம் ஒன்றை ஒப்படைத்துவிட்டு 'எப்போது கிடைக்கும்?' என்று கேட்டால், நேர்மையான பதில் ஏறக்குறைய இரண்டு மாதம். நீங்கள் சொல்வது என்னவோ 'இந்த வாரத்துக்குள் பார்க்கிறேன்'. நாலாம் நாள் அவர் நினைவூட்டுகிறார், நீங்கள் விளக்கம் எழுதுகிறீர்கள். உங்கள் குறிப்பில் அந்த வாரம் 'தாமதம் குறித்துப் பதில்' என்று 9 வரிகள் இருக்கின்றன. வேலை தேங்குவதே ஒரு வேலையாகிவிட்டது.

வேகத்தை இருமடங்காக்க என்னிடம் வழி இல்லை. இருப்பதாகச் சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஆனால் 14-ஐக் குறைக்க முடியும். ஒரே நேரத்தில் 4 வேலைகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டால், முடிக்கும் வேகம் இதே இரண்டாக இருந்தாலும், தொட்ட வேலை இரண்டு வாரத்தில் வாசல் தாண்டும். மற்ற பத்தை என்ன செய்வது? அவை உங்கள் மேசையில் பாதி முடிந்த நிலையில் கிடப்பதற்குப் பதில், தொடங்காமல் வரிசையில் நிற்கட்டும். அவற்றைக் கேட்டவர்களிடம் ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் தேதி ஒன்றைச் சொல்லிவிடுங்கள். சங்கடமான பேச்சுதான். என் அனுபவத்தில் அந்தப் பத்தில் இரண்டு மூன்று பேராவது, 'ஐயோ, அது இனித் தேவையில்லை, சொல்ல மறந்துவிட்டேன்' என்பார்கள்.

புகார் நடைமுறை மட்டும் ஏன் இப்படிப் பின்தங்கியது என்பதையும் பேச வேண்டும். நேரம் துண்டுபட்டது ஒரு காரணம். இன்னொன்று கொஞ்சம் கசப்பானது. 10.26-க்கு வந்த செய்திக்குப் பதில் எழுதினால் 10.31-க்கு நன்றி வருகிறது. நடைமுறையை மாற்றி எழுதினால் நன்றி சொல்ல உடனடியாக ஆளில்லை. குறை சொல்லத்தான் ஆள் இருக்கும். உங்கள் தீர்ப்பை அதில் எழுத வேண்டும். எந்தப் பிரிவின் தாமதத்தால் புகார் தேங்குகிறது என்று பெயர் சொல்ல வேண்டும். அப்படிப்பட்ட வேலையிலிருந்து ஓடிப்போக இந்த உலகத்திலேயே மரியாதையான வழி, வேறொரு வேலையில் மூழ்கிப்போவது. சும்மா உட்கார்ந்திருந்தால் யாராவது கேட்பார்கள். மும்முரமாக இருப்பவரை யாரும் எதுவும் கேட்பதில்லை, அவர் மனசாட்சி உட்பட.

உங்களைக் குத்திக்காட்டுவதாக நினைக்க வேண்டாம், நானும் அந்தப் பள்ளியில் படித்தவன். ஒரு உற்பத்திப் பிரிவைத் தொடர்வதா மூடுவதா என்று ஒருமுறை அறிக்கை கேட்டார்கள். மூட வேண்டும் என்பது முதல் வாரத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அதை எழுதும் தைரியம் இல்லை. மூன்று வாரம் அட்டவணை போட்டேன். வண்ணம் மாற்றினேன், பழைய ஆண்டுகளின் கணக்கைச் சேர்த்தேன், தலைப்புகளை ஒரே அளவாக்கினேன். இரவு ஒன்பது மணிவரை அலுவலகத்தில் இருந்தேன், பார்த்தவர்கள் பாராட்டினார்கள். அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது மேலதிகாரி ஒரு அட்டவணையைக்கூடப் புரட்டவில்லை. "கடைசிப் பக்கம் எங்கே?" என்றார். அதை அவர் எதிரில் உட்கார்ந்து நாற்பது நிமிடத்தில் எழுதினேன்.

அவசரம் என்ற முத்திரைக்கே ஒரு கவர்ச்சி உண்டு என்பதை 2018-இல் வெளியான ஓர் ஆய்வும் காட்டியது. பலன் அதிகமான வேலை ஒன்று, பலன் குறைவான வேலை ஒன்று. குறைந்ததற்குக் கெடு சீக்கிரம் முடிவதாகத் தோன்றச் செய்தால், பலர் அதையே எடுத்தார்கள். 'எனக்கு எப்போதும் வேலை நெருக்கடி' என்று நினைப்பவர்களிடம் இந்தச் சாய்வு இன்னும் கூடுதலாக இருந்தது. தேர்ந்தெடுக்கும் அந்த நொடியில் பலனை எடுத்துக் காட்டியபோது சாய்வு குறைந்தது. அதனால், புகார் நடைமுறை முடிந்தால் யாருக்கு என்ன குறையும் என்று ஒரே வரியில் எழுதி, செய்திகள் வந்து விழும் திரைக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றும். ஒட்டுங்கள்.

உங்கள் மேலாளருக்கும் இதில் பங்கு இருக்கிறது. நடைமுறையை மாற்றி எழுதுங்கள் என்றார். எது வந்தால் முடிந்ததாகக் கொள்வார் என்று சொன்னாரா? உங்கள் கடிதத்தில் அதற்கு விடை இல்லை. இரண்டு பக்கக் குறிப்பா, எல்லாப் பிரிவுகளும் ஒப்புக்கொண்ட முழு ஆவணமா, குழுவினருக்கான பயிற்சியும் சேர்த்தா? வாசல் எங்கே என்று தெரியாத சரக்கு தொழிற்சாலைக்குள் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். இந்த வாரமே போய்க் கேளுங்கள். 'முதல் கட்டமாக மூன்று பக்க வரைவு, அதில் புகாரைப் பதிவதிலிருந்து முதல் பதில் போகும்வரை உள்ள படிகள் மட்டும், இன்னாருக்கு இந்தத் தேதியில்' என்பதுபோல நீங்களே ஒன்றை எழுதிக்கொண்டு போனால் இன்னும் நல்லது.

தேதியில் ஒரு எச்சரிக்கை. 1994-இல் உளவியல் ஆய்வாளர்கள் மூவர், ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். ஆனது 55 நாளுக்கும் மேல். எனவே இந்த வேலையை மனத்தில் கற்பனை செய்து நாள் குறிக்காதீர்கள். கடைசியாக நீங்கள் எழுதி முடித்த இதே அளவு ஆவணம் உண்மையில் எத்தனை நாள் எடுத்தது என்று பழைய கோப்பில் பார்த்து, அதைச் சொல்லுங்கள்.

இங்கே ஓர் இடைச்செருகல். இதைப் படிக்கும் வேறு சிலர், 'எங்கள் வேலையே இடையூறுதான்' என்று நினைக்கக்கூடும். அது சரி. அவசர சிகிச்சைப் பிரிவில் இருப்பவருக்கும், உதவி கேட்டு வரும் தொலைபேசியை எடுப்பவருக்கும், கூப்பிட்டதும் கிடைப்பதே உருப்படி. அவர்களிடம் போய் இரண்டு மணி நேரம் கதவைச் சாத்திக்கொள்ளுங்கள் என்று சொல்வது அபத்தம். உங்கள் வேலையிலும் ஒரு பாதி அப்படிப்பட்டது. குழுவில் ஒருவர் முடிவு தெரியாமல் நிற்கும்போது நீங்கள் ஐந்து நிமிடத்தில் பதில் சொன்னால், அவருடைய அரைநாள் மிஞ்சுகிறது. அதை வெட்டி வேலை என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணிப் பார்த்தேன்: அந்த வாரம் நீங்கள் குழுவினருக்கு எழுதிய 61 பதில்களில் 23 பதில்கள் மூன்றே கேள்விகளுக்கானவை. யாரிடம் ஒப்புதல் வாங்குவது, எந்தப் படிவம், எத்தனை நாளுக்குள். அந்த மூன்றுக்கும் ஒரு பக்கத்தில் விதி எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிட்டால், வாரத்தில் 23 முறை நீங்கள் தேவைப்பட மாட்டீர்கள். கொஞ்சம் வலிக்கும். தேவைப்படுவது சுகமான உணர்வு, எனக்குத் தெரியும்.

அடுத்து, காலை நேரம். வாரத்தில் மூன்று நாள், 9.30 முதல் 11 வரை, செய்தியும் மின்னஞ்சலும் மூடியிருக்கட்டும். குழுவினரிடம் காரணத்தைச் சொல்லிவிடுங்கள். தீப்பிடித்தால் மட்டும் நேரில் வந்து கூப்பிடலாம். மின்னஞ்சலை ஒரு வாரம் நாளுக்கு மூன்று முறை மட்டும் பார்க்கச் சொல்லி, இன்னொரு வாரம் இஷ்டம்போல் பார்க்கச் சொல்லி 2015-இல் ஓர் ஆய்வு நடத்தினார்கள். மூன்று முறை பார்த்த வாரத்தில் மன அழுத்தம் குறைந்திருந்தது. முதல் இரண்டு நாள் உங்களுக்குக் கை பரபரக்கும், ஏதோ தப்பு செய்வதுபோல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். அப்படியும் யாராவது குறுக்கிட்டு, எழுந்தே ஆக வேண்டிய நிலை வந்தால், எழுவதற்கு முன் அரை நிமிடம் எடுத்து ஒரு வரி எழுதுங்கள்: எங்கே நிற்கிறேன், திரும்பி வந்ததும் முதலில் என்ன செய்வேன். லெராயும் தெரசா கிளோமும் 2018-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. அப்படி எழுதிவைத்துவிட்டுப் போனவர்கள் அடுத்த வேலையில் முழு மனத்தோடு ஈடுபட்டார்கள். 'எங்கே விட்டேன் என்று பார்த்தேன்' என்று உங்கள் குறிப்பில் இனி எழுத வேண்டியிராது.

செயலி வேண்டாம். அதில் வேலைகளை ஏற்றி, நிறம் கொடுத்து, வரிசைப்படுத்துவதே என் அட்டவணைகளைப்போல இன்னொரு ஒளிவிடம் ஆகிவிடும். பயிற்சி வகுப்பும் இப்போதைக்கு வேண்டாம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

விடிகாலை நான்கு மணி? தூக்கத்தை வெட்டி அதைச் செய்யாதீர்கள். முதல் மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு, நீங்கள் ஐந்து மணிக்கே பதில் எழுதுகிறீர்கள் என்று உலகம் தெரிந்துகொள்ளும். சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1955-இல் தி எகனாமிஸ்ட் இதழில் எழுதிய நகைச்சுவைக் கட்டுரையின் முதல் வரியே இதுதான்: கிடைக்கும் நேரம் முழுவதையும் நிரப்பும்வரை வேலை விரிந்துகொண்டே போகும். அதில் பிரிட்டிஷ் கடற்படையின் கணக்கு ஒன்றைத் தருகிறார். 1914-இல் பணியில் இருந்த பெரிய போர்க்கப்பல்கள் 62, 1928-இல் 20. அதே காலத்தில் கடற்படைத் தலைமையக அதிகாரிகள் 2,000 பேரிலிருந்து 3,569 பேர் ஆனார்கள். கப்பல் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியபோதும் அந்த 3,569 பேரில் ஒருவராவது வேலை இல்லாமல் கொட்டாவி விட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் திருத்தி, மூன்றாமவர் ஒப்பமிட்டு, எல்லோரும் களைத்துத்தான் வீடு திரும்பியிருப்பார்கள். நேரத்தைக் கூட்டினால் அதற்கேற்ற வேலையும் தானாக வந்து சேரும். உங்களுக்குத் தேவை இன்னும் ஒரு மணி நேரம் அன்று. ஏற்கெனவே செலவழித்த அந்த 83 நிமிடம் ஒட்டினாற்போல் கிடைப்பது.

நீங்கள் சோம்பேறியா என்ற கேள்விக்கு வருகிறேன். இல்லை. சோம்பேறிகள் எனக்குக் கடிதம் எழுதுவதில்லை. எழுதினாலும் ஒரு வாரத்தை நிமிடக் கணக்கில் குறித்து அனுப்புவதில்லை. 'நாய்க்கு வேலையும் இல்லை, நிற்க நேரமும் இல்லை' என்ற பழமொழியை உங்களுக்குச் சொல்லவும் மாட்டேன், உங்களுக்கு வேலை இருக்கிறது. அது கொஞ்ச நாளாக உங்கள் மேசையிலேயே வழி தெரியாமல் நடந்துகொண்டிருக்கிறது.

மேலாளரிடம் போகும்போது 14 வேலைகள் உள்ள அந்தத் தாளையும் எடுத்துப்போங்கள். எந்த நான்கு முதலில் என்று அவர் முன்னால் வைத்துக் கேளுங்கள். 'எல்லாமே முக்கியம்' என்பார், மேலாளர்கள் அப்படித்தான் தொடங்குவார்கள். பேசாமல் பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டுக் காத்திருங்கள்.

அடுத்த கடிதத்தில் நேரக் குறிப்பு வேண்டாம். அந்த மூன்று பக்கம் யாருக்கு, எந்தத் தேதியில் போனது என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்